மேலே சில்லு, கீழே சூடு: ரேடியேட்டர் வந்த கதை

ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் சமாரான்னு ஒரு ஊர். அங்கே பழைய மின் நிலையம் ஒன்றின் சுவரில் ஒரு ஜன்னல் திட்டு, திட்டு மேல படுத்திருக்கிற ஒரு பூனை, பூனைக்குக் கீழே ஒரு ரேடியேட்டர். எல்லாமே சிலை. 2005-ல் வைத்தார்கள். ரேடியேட்டர் பிறந்து 150 வருஷம் ஆச்சாம், அதுக்கு மரியாதை. முச்சந்திக்கு முச்சந்தி தலைவர் சிலை பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஓவரா தெரியலாம். மைனஸ் இருபதில் ஒரு ராத்திரி இருந்து பார்த்தா, சிலையை இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாமேன்னு தோணும் :-)

சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. ரேடியேட்டர்னதும் கார் பானெட்டுக்குள்ள இருக்கிற சமாச்சாரம்தான் ஞாபகம் வரும். இது வேற. குளிர் நாட்டு வீடுகள்ல ஒரு மூலையில பாய்லர் இருக்கும். அது தண்ணியைச் சுட வைக்கும். அந்தத் தண்ணி குழாய் வழியா ஒவ்வொரு அறைக்கும் போய், அங்கே இருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ள நுழைஞ்சு, சூட்டை அறைக்குக் கொடுத்துட்டு, ஆறிப்போய் திரும்ப பாய்லருக்கே வந்துடும். அந்த இரும்புப் பெட்டிதான் ரேடியேட்டர். மொத்த ஏற்பாட்டுக்கும் சென்ட்ரல் ஹீட்டிங்னு பேர்.

நான் வாடகைக்கு இருக்கிறது வட இங்கிலாந்தில் ஒரு பழைய செங்கல் வீடு. போன குளிர்காலத்தில் பெட்ரூம் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி கை வைக்க முடியாத சூடு, மேல்பாதி ஐஸ் மாதிரி சில்லு. இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "உள்ள காத்து இருக்கு, சாவி போட்டுத் தொறந்து விடு". கட்டைவிரல் அளவு பித்தளைச் சாவி. போட்டுத் திருப்பினா புஸ்ஸுனு காத்து போச்சு, கொஞ்சம் தண்ணி எட்டிப் பார்த்துச்சு, மூடிட்டேன். வேலை முடிஞ்சது. ஆனா இவ்வளவு பெரிய ஏற்பாட்டை இத்தனை வருஷமா ஒரு பிடி காத்து ஏன் படுத்துதுன்னு ஒரு கேள்வி மண்டைக்குள்ள உட்கார்ந்துடுச்சு. ஆணி இல்லாத வாரக் கடைசிகள்ல தேடித்தேடிப் படிச்சதில் ஒண்ணு புரிஞ்சது. ஆபீஸ்ல பழைய கோடைத் திறந்தா ஒவ்வொரு கோணல் வரிக்குப் பின்னாலயும் ஒரு பழைய கதை இருக்குமே, அதே மாதிரிதான். ரேடியேட்டர் சில்லுன்னு இருக்க நாலஞ்சு காரணம் உண்டு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்து மிச்சம்.

ரோமானியர்கள்ல இருந்து ஆரம்பிக்கிறது வழக்கம். அவங்க தரைக்கு அடியில குட்டித் தூண்கள் வச்சு, அந்த இடைவெளியில சூடான புகைக்காத்தை ஓட விட்டாங்க. இங்கிலாந்திலேயே பாத், செட்வொர்த் மாதிரி ஊர்கள்ல அந்தத் தூண்களை இன்னிக்கும் பார்க்கலாம். ஆனா நம்ம கதை தண்ணியோடது. அவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடலாம்.

1716. நியூகாசில் பக்கம் நிலக்கரிச் சுரங்க இன்ஜின்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த ஸ்வீடன்காரர் மார்ட்டின் ட்ரீவால்ட். வெளியே ஒரு பாய்லர் வச்சு, சுடுதண்ணியைக் குழாயில் உள்ளே அனுப்பி ஒரு இடத்தைச் சூடு பண்ணிக் காட்டினார். அது மனுஷங்க இருந்த இடம் இல்லை. செடி வளர்க்கிற கண்ணாடிக் குடில்.

அடுத்தது 1777 வாக்கில், பாரிஸுக்குப் பக்கத்தில் பெக். போன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் சுடுதண்ணிக் குழாய்களை வச்சு முட்டை பொரிக்க வச்சார். முட்டை விஷயத்தில் ரெண்டு டிகிரி ஏறினாலும் போச்சு, இறங்கினாலும் போச்சு. அதனால அவர் ஒரு கருவி பண்ணினார். ஈயக் குழாய்க்குள்ள ஒரு இரும்புக் கம்பி. ரெண்டும் சூட்டில் வேற வேற அளவு நீளும். அந்த வித்தியாசம் ஒரு நெம்புகோலைத் தள்ளி அடுப்புக்குப் போகிற காத்தைக் குறைக்கும். ஆறினா மறுபடி கூட்டும். 1783-ல் அதுக்கு உரிமமும் வாங்கினார். மனுஷன் யாரும் நின்னு பார்க்க வேண்டாம். இன்னிக்கு நம்ம வீட்டு தெர்மோஸ்டாட் பண்றது இதேதான். கோழிக்குஞ்சுக்காகப் பண்ணின மென்பொருளை நாம இன்னமும் ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

1832 வாக்கில் ஆங்கியர் மார்ச் பெர்கின்ஸ். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் தொழில் பண்ணினவர். அவர் முதன்முதலா சுடுதண்ணிக் குழாய் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருத்தர் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னர் ஹார்ஸ்லி பால்மர். எதுக்கு? இங்கிலாந்துக் குளிரில் திராட்சை வளர்க்க!

செடி, கோழிக்குஞ்சு, திராட்சை... வரிசையைக் கவனிச்சுக்கோங்க. 1842-ல் லண்டனில் பென்டன்வில் சிறை திறந்தபோது ஒவ்வொரு கைதியின் அறைக்கும் சூடான காத்து வர்ற மாதிரிதான் கட்டினாங்க. சாதாரண ஜனங்க எப்போ வர்றாங்கன்னு பின்னால பார்ப்போம்.

இப்போ காத்து விஷயம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

இவங்க யார் கிட்டயும் பம்ப் கிடையாது. அப்புறம் தண்ணி எப்படிச் சுத்துச்சு? சூடான தண்ணி லேசு, ஆறின தண்ணி கனம். பாய்லர் கீழே இருந்தா சூடானது மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். அவ்வளவுதான் இன்ஜின். எவ்வளவு பலம்? 90 டிகிரித் தண்ணி ஒரு கன மீட்டர் சுமார் 965 கிலோ. 70 டிகிரியில் சுமார் 978 கிலோ. வித்தியாசம் 12, 13 கிலோ. மூணு மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டா, கிடைக்கிற அழுத்தம் ஏறக்குறைய 37 மில்லிமீட்டர் உயரத் தண்ணி கொடுக்கிற அழுத்தம்தான். ரெண்டு விரற்கடை. இந்த ரெண்டு விரற்கடை பலத்தை வச்சுத்தான் வீடு முழுக்கத் தண்ணி ஓடணும்.

இப்போ குழாய் ஒரு இடத்தில் பத்து சென்டிமீட்டர் மேடு ஏறி இறங்குதுன்னு வச்சுக்கோங்க. அந்த மேட்டில் காத்து சேர்ந்து அடைச்சுக்கிச்சுன்னா, தண்ணி அதைத் தாண்ட பத்து சென்டிமீட்டர் ஏறணும். கையில இருக்கிறது மூணே முக்கால். முடிஞ்சது கதை. கீழே பாய்லர் கொதிக்கும், மேலே அறை விறைக்கும். நம்ம ஊர்ல மேல்தொட்டியைக் கழுவி மறுபடி ரொப்பினா, தொட்டி நிறையத் தண்ணி இருந்தும் பைப்ல வராம 'ஏர் அடைச்சுக்கிச்சு'ன்னு சொல்லுவாங்களே, அதே வியாதிதான்.

சரி, மூடின குழாய்க்குள்ள காத்து எங்கேர்ந்து வருது? தண்ணிக்குள்ளேயே இருந்துதான். பாத்திரத்தில் தண்ணி வச்சா, கொதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே பக்கவாட்டில் பொடிப்பொடியா குமிழி ஒட்டுமே, அது நீராவி இல்லை, கரைஞ்சிருந்த காத்து. அழுத்தம் கூடினா தண்ணி கூடுதலா வாயுவைக் கரைச்சு வச்சுக்கும்னு அளந்து விதி எழுதினவர் மான்செஸ்டர்க்காரர் வில்லியம் ஹென்றி, 1803-ல். அழுத்தம் குறைஞ்சா வெளியே விடும், சூடானாலும் விடும். பாய்லரில் சூடேறும்போது பிரியற காத்து, அழுத்தம் குறைவா இருக்கிற மாடி ரேடியேட்டரின் உச்சியில் போய் உட்கார்ந்துக்கும். இங்கே வீடுகள்ல தண்ணி ரேடியேட்டரின் அடியிலேயே நுழைஞ்சு அடியிலேயே வெளியேறும். அதனாலதான் கீழே சூடு, மேலே சில்லு. 1837-ல் சார்லஸ் ஹூட் சுடுதண்ணி வெப்பமூட்டலுக்குன்னே ஒரு புத்தகம் போட்டார். காத்து வெளியேற வழி வைக்காட்டி என்ன ஆகும்னு அதிலேயே எச்சரிச்சிருக்கார். என் கையில இருக்கிற பித்தளைச் சாவிக்கு அதான் பூர்வீகம்.

பலம் குறைவுங்கிற பிரச்சனையைச் சமாளிக்க ரெண்டு வழி. ஒண்ணு, குழாயைக் குண்டாக்குறது. அந்தக் காலக் கண்ணாடிக் குடில்கள்ல நாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் சர்வ சாதாரணம். இன்னொண்ணு பெர்கின்ஸ் வழி. ஒல்லியான, ஆனா சுவர் தடிமனான இரும்புக் குழாயை முழுக்க மூடிட்டு, உள்ளே இருக்கிற தண்ணியை நூறு டிகிரிக்கு எவ்வளவோ மேலே கொண்டு போறது. அழுத்தத்தில் இருக்கிறதால கொதிக்காது, எடை வித்தியாசம் கூடும், வேகமா ஓடும். கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் தன் லண்டன் வீட்டுக்குப் பல முறைகளைப் போட்டுப் பார்த்து அலுத்துப்போய்க் கடைசியில் திருப்தியானது இதில்தான். வெடிகுண்டை வீட்டுக்குள்ள சுத்தி விட்ட மாதிரின்னு எனக்குத் தோணுது. ஆனா அவர் வீடு மியூசியமா இன்னிக்கும் நிக்குது, அதனால வாயை மூடிக்கிறேன்.

இத்தனை காலமும் அறைக்குள்ள வந்தது வெறும் குழாய், குழாய்ச் சுருள் இந்த மாதிரிதான். 1855-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரான்ஸ் சான் கல்லி என்ற தொழிலதிபர் வார்ப்பிரும்பில் வார்த்த ஒரு 'சூட்டுப் பெட்டி'யைக் கொண்டு வந்தார். சமாராவில் 150 வருஷம்னு எண்ணினது இதிலிருந்துதான். அப்புறம் 1870களில் அமெரிக்காவில் நெல்சன் பண்டி, 1892-ல் பல கம்பெனிகளைச் சேர்த்து உருவான அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனின்னு அது பெரிய வியாபாரமா ஆச்சு. ரேடியேட்டர்ங்கிற பேரே பாதிப் பொய்தான். கதிர்வீச்சா போறதை விட, பக்கத்துக் காத்தைச் சூடாக்கி மேலே அனுப்புறதுதான் இன்றைய ரேடியேட்டர்கள்ல அதிகம். பேர் வச்சாச்சு, இனிமே மாத்த முடியாது. நம்ம தொழிலிலும் இப்படி எத்தனை!

பல அறைகளுக்கு ரேடியேட்டர் வந்ததும் அடுத்த தலைவலி. பாய்லருக்குப் பக்கத்து அறை வேகும், கடைசி அறை விறைக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், இது அசல் கடைமடைப் பிரச்சனை. தண்ணி சுலபமான வழியைத்தான் பார்க்கும். முதல் ரெண்டு ரேடியேட்டர்லயே பாதி சுத்தித் திரும்பிடும். டிச்செல்மான் என்ற ஜெர்மன் பொறியாளர் பேரில் ஒரு குழாய் அமைப்பு இருக்கு. எந்த ரேடியேட்டருக்குத் தண்ணி முதல்ல போகுதோ, அதோட தண்ணி கடைசியாத் திரும்பணும். எல்லாருக்கும் பயண தூரம் சமம், முதல்மடை கடைமடைன்னு பேச்சே இல்லை. அழகான யோசனை, ஆனா குழாய்ச் செலவு கூடும். அதனால இங்கிலாந்து வீடுகள்ல மதகு வைத்தியம்தான். ரேடியேட்டரின் ஒரு பக்கம் பிளாஸ்டிக் தொப்பி போட்ட ஒரு வால்வு இருக்கும். பக்கத்து அறையில் அதைக் கொஞ்சம் இறுக்கினா தூரத்து அறைக்குத் தண்ணி போகும். உள்ளே வர்ற குழாய்க்கும் வெளியே போற குழாய்க்கும் சுமார் 11, 12 டிகிரி வித்தியாசம் வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா திருப்பிப் பார்க்கணும். பொறுமை வேணும், அவ்வளவுதான்.

பம்ப் வந்தது 1928-ல். ஜெர்மனியின் டார்ட்மண்டில் வில்ஹெல்ம் ஆப்லேண்டர், குழாயின் முழங்கை வளைவுக்குள்ள ஒரு சின்ன விசிறியை வச்சு மோட்டாரால் சுத்த விட்டார். 1929-ல் உரிமம். ரெண்டு விரற்கடை பலம் இருந்த இடத்தில் இன்னிக்கு ஒரு சின்ன வீட்டு பம்ப் அஞ்சாறு மீட்டர் கொடுக்குது. குண்டுக் குழாய் தேவையில்லை, 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் போதும். ஏழை வீட்டுச் சுவர்லயும் அதைப் பதிக்கலாம்.

பதிச்சாங்களா? அங்கேதான் எனக்குக் கோபம் வரும். இங்கிலாந்துக்காரங்களுக்குக் கரி அடுப்பு மேல ஒரு காதல். குடும்பமே அதைச் சுத்தி உட்காருமாம். ஜார்ஜ் ஆர்வெல் கூட 1945-ல் அதுக்கு வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரை எழுதியிருக்கார். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியா வானத்துக்குப் போகும், முகம் வேகும், முதுகு விறைக்கும். அது போகட்டும். கரியை அள்ளினது யாரு, சாம்பலை வாரினது யாரு? காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து அதை மூட்டின பெண்கள் கிட்ட கேட்டிருந்தா கட்டுரை வேற மாதிரி வந்திருக்கும்.

1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் அஞ்சு நாள் நின்னுச்சு. முதல்ல போட்ட கணக்கிலேயே சுமார் 4,000 பேர் செத்திருந்தாங்க, பிற்பாடு வந்த ஆய்வுகள் 12,000 வரைக்கும் சொல்லுது. 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம். 1965-ல் வட கடலில் எரிவாயு கிடைச்சது. அதைக் கண்டுபிடிச்ச சீ ஜெம் என்ற துளையிடும் மேடை அதே டிசம்பரில் இடிஞ்சு கடலில் விழுந்து 13 பேர் போனாங்க. நம்ம ஜன்னலோர வெதுவெதுப்பில் அவங்களுக்கும் பங்கு உண்டு. 1967-ல் இருந்து 1977 வரை பத்து வருஷம் வீடு வீடாப் போய், ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளின் அடுப்புகளை நிலக்கரி வாயுவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் சென்ட்ரல் ஹீட்டிங் சர்ருனு ஏறுச்சு. 1970-ல் இங்கே ஏறக்குறைய மூணில் ஒரு வீட்டில்தான் அது இருந்தது, இன்னிக்குப் பத்தில் ஒன்பதுக்கும் மேல. ட்ரீவால்டின் செடிகளுக்கு அப்புறம் இரண்டரை நூற்றாண்டு! என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு. 1963 குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் பூத்த பனியை நகத்தால சுரண்டிப் பேர் எழுதுவாங்களாம்.

அவசரமா ஏறினதுக்கு ஒரு விலையும் இருந்தது. கனமான வார்ப்பிரும்புக்குப் பதிலா மெல்லிய எஃகுத் தகடு ரேடியேட்டர்கள் வந்துச்சு. எஃகு, தண்ணி, ஆக்சிஜன் மூணும் சேர்ந்தா துரு. ஆக்சிஜன் தீர்ந்துபோன மூடிய குழாய்க்குள்ள அது சிவப்புத் துரு இல்லை, மேக்னடைட் என்கிற கறுப்புத் துரு. காந்தத்தில் ஒட்டும். சேறு மாதிரி ரேடியேட்டரின் அடியில் படியும். அப்போ அறிகுறி தலைகீழ்: மேலே சூடு, கீழே நடுவில் சில்லு. இதுக்குச் சாவி வேலை செய்யாது, கழட்டிக் கழுவணும், துருத் தடுப்பு மருந்து ஊத்தணும். இன்னொரு விஷயம், இந்த ரசாயன மாற்றத்தில் ஹைட்ரஜன் வெளியாகும். வாராவாரம் காத்து திறந்து விட்டும் மறுபடி சேர்ந்துக்கிட்டே இருந்தா, அது காத்தே இல்லாம இருக்கலாம். உங்க ரேடியேட்டர் உள்ளேர்ந்து கரையுதுன்னு அர்த்தம். பக்கத்தில் தீக்குச்சி கிழிச்சுச் சோதனை எல்லாம் வேண்டாம்.

கடைசிக் காரணத்துக்கு வயசு கம்மி. 1943-ல் டென்மார்க்கில் மாட்ஸ் கிளாஸன், டான்ஃபாஸ் கம்பெனியை ஆரம்பிச்சவர், ரேடியேட்டருக்குத் தானே திறந்து மூடிக்கிற வால்வு பண்ணினார். 1952-ல் இருந்து விற்பனைக்கு உற்பத்தி. அறை சூடானா தலைக்குள்ள இருக்கிறது விரிஞ்சு ஒரு சின்ன ஊசியைக் கீழே தள்ளும், தண்ணி நிக்கும். நம்ம பெக் ஊர்க் கோழிக்குஞ்சு தத்துவமேதான்! ஆனா கோடை முழுக்க மூடியே கிடந்தா சில சமயம் ஊசி இறுகிடும். அக்டோபரில் தலையை எத்தனை திருப்பினாலும் ரேடியேட்டர் முழுசும் சில்லுன்னு கிடக்கும்.

பாட்டி வீட்டுப் பின் அறை ரெண்டு குளிர்காலமா அப்படித்தான் கிடந்திருக்கு. புது ரேடியேட்டர் மாத்தணும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். செலவுக்குப் பயந்து அந்த அறையையே பூட்டிட்டாங்க. 2022-ல் எரிவாயு விலை எகிறினப்போ அதுவும் நல்லதுக்குத்தான்னு நினைச்சாங்களாம். அது அவங்க தையல் மெஷின் இருக்கிற அறை. போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் தலையைக் கையாலேயே சுழற்றிக் கழட்டினா உள்ளே ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால மெதுவா அமுக்கி அமுக்கி விட்டதில் ஆறாவது அமுக்கலில் எழும்பி வந்துச்சு (இடுக்கியால இழுக்கக் கூடாது, கையோட வந்துட்டா தண்ணி பீய்ச்சும்). கால் மணி நேரத்தில் குழாய் டக் டக்னு சத்தம் போட ஆரம்பிச்சது. பாட்டி ரேடியேட்டர் மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு ஒண்ணுமே பேசலை. அப்புறம் டீ போடப் போனாங்க.

குளிர் ஊர்ல இருக்கிற மக்களுக்குச் சாவி வேலை மட்டும் சுருக்கமா: முதல்ல ஹீட்டிங்கை அணைச்சுட்டு ஆற விடுங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போது திறந்தா கை வேகும். அடியில ஒரு பழைய துணி, கறுப்புத் தண்ணி கார்ப்பெட்டில் விழுந்தா வீட்டு ஓனர் கிட்ட பேச வேண்டியிருக்கும். சாவியை இடப்பக்கமா கால் சுற்று, அதுக்கு மேல வேண்டாம். புஸ் நின்னு தண்ணி வந்ததும் மூடுங்க. காத்து போன அளவுக்கு உள்ளே அழுத்தம் குறைஞ்சிருக்கும். மூடிய சிஸ்டமா இருந்தா பாய்லர் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிக்கணும், இல்லைன்னா தண்ணி நிரப்புற குழாயைக் கொஞ்சம் திறந்து ஏத்துங்க. கீழ்த்தளத்தில் ஆரம்பிச்சு மாடிக்குப் போங்க.

டிஸ்கி: இதெல்லாம் ரேடியேட்டரோட நிறுத்திக்கங்க. பாய்லர் மூடியைத் திறக்கிற வேலை இங்கே கேஸ் சேஃப் பதிவு உள்ளவங்களுக்கு மட்டும்தான்.